மேட்டுப்பாத்தியின் அடிமண் கல்லாகிவிட்டது: உரத்தைக் கீழ்வரை கலப்பது எப்படி?

பாகற்கொடி, பொள்ளாச்சி
ஜூன் 4

வணக்கம். இத்தனை நாள் எல்லாரும் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது நானே கேட்கும்படி ஆகிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் ஹாலோ பிளாக் வைத்துக் கட்டிய இரண்டு மேட்டுப்பாத்திகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம். அடியில் சிமெண்ட் கிடையாது, நேரே தரைதான். மூன்று வருடத்துக்கு முன்பு செம்மண், தொழுவுரம், தென்னை நார்த்தூள் எல்லாம் போட்டு நிரப்பினோம். முதல் வருடம் கத்தரி காய்த்த காய்ப்பைப் பார்த்து என் மாமியார் பாத்திக்கே திருஷ்டிப் பூசணி கட்டினார். அந்தப் பூசணி பலிக்கவில்லை போலிருக்கிறது. இப்போது மண் 7 அங்குலம் இறங்கிவிட்டது. மேலே நாலு விரல்கிடை பொலபொலவென்று இருக்கிறது, அதற்குக் கீழே களைக்கொத்து போட்டால் 'டங்' என்கிறது. போன முறை முள்ளங்கி எல்லாம் இரண்டு கால், மூன்று கால் முளைத்து வந்தது. ஒன்று அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

ஆடிப்பட்டத்துக்கு முன்னால் சரிசெய்ய நினைக்கிறேன். 10 மூட்டை தொழுவுரம், வேப்பம் பிண்ணாக்கு, எலும்புத்தூள், நார்த்தூள், ஜிப்சம் எல்லாவற்றையும் இரண்டடி ஆழம்வரை கலக்க வேண்டும். வீட்டுக்காரர் "மேலே கொட்டிவிடு, மழை இறக்கிக் கொடுக்கும்" என்கிறார். மண்ணைக் கிளறும் சின்ன டில்லர் இயந்திரம் வாடகைக்குக் கேட்டேன், சுவருக்குள் திரும்பாதாம். பாத்தி முழுவதையும் காலி செய்யாமல் கலக்க வழி இருக்கிறதா?

----

மண்வெட்டித் தாத்தா, பெரியகுளம்
ஜூன் 4

இருக்கிறது அம்மா. இருமடிப்பாத்தி போடுகிற முறைதான் அது. பாத்தியின் ஒரு ஓரத்தில் 1 அடி அகலத்துக்கு, 1 அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்து வெளியே தார்ப்பாயில் போடுங்கள். குழியின் அடியைக் கடப்பாரையால் நெம்பிவிடுங்கள், மண்ணை மேலே கொண்டுவர வேண்டாம். இளகிய அடிமண்ணில் உரத்தைத் தூவிக் கிளறுங்கள். அப்புறம் அடுத்த 1 அடி மண்ணை வெட்டி இந்தக் குழிக்குள் தள்ளுங்கள். இப்படியே நகர்ந்து போனால், கடைசிக் குழிக்குத் தார்ப்பாயில் வைத்த மண் சரியாக இருக்கும். பாத்தி முழுவதும் கலந்திருக்கும், ஆனால் எந்த நேரத்திலும் 4 கன அடி மண்தான் வெளியே கிடக்கும்.

முக்கியமானது ஒன்று. மேல்மண் மேலேயே இருக்க வேண்டும், அடிமண் அடியிலேயே இருக்க வேண்டும். தோசையைத் திருப்புவது மாதிரி திருப்பிப் போட்டுவிடாதீர்கள்.

----

வெட்டாத்தோட்டம், சென்னை
ஜூன் 4

எதற்குத் தோண்ட வேண்டும்? காட்டில் யார் போய்க் கிளறுகிறார்கள்? நான் ஆறு வருடமாக மண்ணைத் தொட்டதே இல்லை. வருடத்துக்கு 2 அங்குலம் மட்கு உரம் மேலே, அதன் மேல் சருகு மூடாக்கு. மண்புழு இழுத்துக்கொண்டு போய்விடும். கிளறினால் பூஞ்சை இழைகள் அறுந்துபோகும், புழு செத்துப்போகும், இருக்கிற கரிமமும் (கார்பன்) வேகமாக எரிந்துபோகும். இங்கிலாந்தில் சார்லஸ் டவுடிங் என்ற தோட்டக்காரர் கிளறிய பாத்தியையும் கிளறாத பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே அளவு மட்கு போட்டு வருடக்கணக்காக எடை போட்டுப் பார்த்திருக்கிறார். கிளறாததுதான் பெரும்பாலும் ஒருபடி மேலே நின்றது. உங்கள் வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி.

----

மண்வெட்டித் தாத்தா, பெரியகுளம்
ஜூன் 5

தம்பி, காட்டில் முள்ளங்கி விளைகிறதா?

----

நிலமங்கை, மதுரை
ஜூன் 5

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். 'உரம்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் இந்தச் சண்டை வருகிறது. நான் சில வருடம் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள், அந்த உரிமையில் சொல்கிறேன்.

பாகற்கொடி போட்டிருக்கிற பட்டியலில் தண்ணீரோடு கீழே இறங்குவதும் இருக்கிறது, போட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிடுவதும் இருக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாக மாறியதும் தண்ணீரோடு ஓடிவிடும், அதை யாரும் ஆழத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை. ஜிப்சமும் ஓரளவு கரையும், லிட்டருக்கு 2 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண் துகளைப் பிடித்துக்கொண்டால் விடாது. எலும்புத்தூளை மேலே தூவினால் அடுத்த வருடமும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். மணிச்சத்துக் குறை உள்ள இடத்தில் அதை வேர் இருக்கும் ஆழத்தில் கலப்பதில் அர்த்தம் உண்டு. புளிப்பு மண்ணுக்குப் போடும் சுண்ணாம்பும் இதே ரகம். "மழை இறக்கிக் கொடுக்கும்" என்பது பாதி உண்மை.

மட்கு உரத்தின் கதை வேறு. அதை வேலை செய்ய வைப்பவை காற்று தேவைப்படும் உயிர்கள். மேல் 6 முதல் 8 அங்குலத்துக்குள் அவற்றுக்குக் காற்று தாராளமாகக் கிடைக்கும். ஒன்றரை அடிக்குக் கீழே, அதுவும் ஈரம் நிற்கிற மண்ணில், அரைகுறையாக மட்கிய சாணத்தைப் புதைத்தால் அது மட்காது, புளிக்கும். அந்த இடத்துக்கு வேர் போனால் கருகும்.

ஜிப்சம் எதற்கு? களர் மண்ணில் சோடியத்தைத் துரத்தத்தான் அது. வெறுமனே இறுகிப்போன மண்ணை இளக்கும் மந்திரப்பொடி இல்லை. பரிசோதனை செய்யாமல் அதைப் போட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பாத்தியின் நடுவில் ஒன்றேகால் அடி சதுரத்துக்கு ஒரு குழி தரைவரை வெட்டிப் பாருங்கள். பக்கவாட்டு மண்ணைக் கத்தியால் சீவினால் அடுக்கு தெரியும். நிறம், வாசனை, வேர் எங்கே நிற்கிறது, ஈரம் எங்கே நிற்கிறது. நாங்கள் ஆளுக்கொன்று ஊகித்துச் சொல்வதைவிட அந்தக் குழி நிறையச் சொல்லும்.

----

வலிகாமம், யாழ்ப்பாணம்
ஜூன் 5

ஆழத்தில் பச்சையாக எதையும் புதைக்கக்கூடாது என்றால் எங்கட ஆட்களை என்ன சொல்வீர்கள் அக்கா? இங்கே குழை தாழ்ப்பது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தோட்டத்தில் சால் வெட்டி, பூவரசங்குழை, வேப்பங்குழை, இப்போது கிளிசிறியா மரக்குழை, அதோடு பழைய பனையோலை எல்லாம் வெட்டிப் போட்டு மண்ணால் மூடுவார்கள். எங்கட அப்பா புகையிலைத் தோட்டத்துக்கு ஓலை தாழ்த்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடம் கொத்தும்போது ஓலையின் ஈர்க்கு மட்டும் மிச்சம் கிடக்கும்.

----

நிலமங்கை, மதுரை
ஜூன் 5

நல்ல கேள்வி தம்பி. அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. உங்கள் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் நிற்காமல் வடியும், காற்று கீழே போகும். அங்கே சிக்கலே ஈரம் நிற்காததுதான், ஓலை பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. இன்னொன்று, குழை தாழ்த்துவிட்டு மறுநாளே நாற்று நட மாட்டார்கள், சில வாரம் விடுவார்கள். பாகற்கொடியின் பாத்தியில் தண்ணீர் வடிகிறதா என்பதே இன்னும் தெரியவில்லை.

----

வலிகாமம், யாழ்ப்பாணம்
ஜூன் 5

ஓம், ஆற விட்டுத்தான் நடுவார்கள். அது சரி.

----

பாகற்கொடி, பொள்ளாச்சி
ஜூன் 8

குழி வெட்டிவிட்டேன். சாரல் விட்ட கொஞ்ச நேரத்தில் நானும் என் பையனும் சேர்ந்து வெட்டினோம். பார்த்தது இது:

மேலே 4 அங்குலம் கருப்பாக, நல்ல மண், மண்புழுவும் இருந்தது. அதற்குக் கீழே 11 அங்குலம்வரை செம்மண், செங்கல் மாதிரி. முள்ளங்கி கால் விரித்தது இந்த இடத்தில்தான், பழைய கத்தரி வேரும் இங்கே வந்து பக்கவாட்டில் திரும்பியிருந்தது. 11 அங்குலத்தில்தான் எனக்கு நெஞ்சு பதறியது. அரை அடித் தடிமனுக்கு நார்த்தூள், கேக் மாதிரி, அப்படியே இருக்கிறது! மூன்று வருடத்தில் மட்கவே இல்லை. பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது, சாக்கடை நாற்றம். அதற்குக் கீழே மண் சிவப்பாகவே இல்லை, சாம்பல் நிறம், நடுநடுவே துரு மாதிரி புள்ளி.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நிரப்பியபோது ஆள் வைத்திருந்தோம். நான் உள்ளே டீ போடப் போய்விட்டேன். அவர்கள் நார்த்தூளை ஒரு அடுக்காகக் கொட்டி, அதன் மேல் ஒரு டிராக்டர் மண்ணைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இந்தப் பாத்தி கலக்கப்பட்டதே இல்லை.

இன்னொன்று, மேல் மண்ணில் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் ஏழு, சுருண்டு கிடந்தன. வேர்ப்புழுவா?

----

நிலமங்கை, மதுரை
ஜூன் 8

சாம்பல் நிறமும் துருப்புள்ளியும் காற்றில்லாத மண்ணின் அடையாளம். அந்த நார்த்தூள் அடுக்கு ஒரு பஞ்சு மெத்தை, மேலிருந்து வரும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கீழே காற்றை விடாமல் அடைத்துவிட்டது. பச்சை நார்த்தூளில் கரிமம் தழைச்சத்தைப் போல 100 மடங்குக்கு மேல் இருக்கும், மட்கவைத்ததில் 25 பக்கம் வந்துவிடும். தழைச்சத்தும் காற்றும் இல்லாத இடத்தில் போட்டால் அது பத்து வருடம்கூடக் கிடக்கும்.

எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. இந்தப் பாத்தியைக் கீழ்வரை கலக்கத்தான் வேண்டும். மேலே எவ்வளவு கொட்டினாலும் இந்த மெத்தை அங்கேயேதான் இருக்கும்.

----

மண்வெட்டித் தாத்தா, பெரியகுளம்
ஜூன் 8

புழு விஷயம் நான் சொல்கிறேன். கட்டைவிரல் தடிமன் என்றால், பொள்ளாச்சியும் என்றால், அது பெரும்பாலும் தென்னையின் காண்டாமிருக வண்டுப் புழு. எருக்குழியில்தான் முட்டை வைக்கும், சாண உரத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. மக்குகிறதைத் தின்னும், செடி வேரை அதிகம் தொடாது. ஆனால் விட்டுவிடாதீர்கள், வண்டாகி எழுந்து பக்கத்துத் தோப்பில் குருத்தைக் குடையும். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். வேரைத் தின்கிற புழு இதைவிடச் சிறியது. புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சை, அதுதான் மெட்டாரைசியம், இரண்டுக்கும் கேட்கும். உரத்தோடு கலந்து போடலாம்.

----

வெட்டாத்தோட்டம், சென்னை
ஜூன் 9

சரி, படித்தேன். இந்தப் பாத்திக்கு என் பேச்சு பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன்: ஒரு முறை மட்டும். ஒவ்வொரு பட்டத்துக்கும் கடப்பாரையைத் தூக்கினால் மூன்று வருடத்தில் மறுபடி இங்கேதான் வந்து நிற்பீர்கள். கிளறக் கிளறக் கரிமம் காலியாகும், கரிமம் போனால் செம்மண் மறுபடி செங்கல்தான்.

----

மண்வெட்டித் தாத்தா, பெரியகுளம்
ஜூன் 9

நானும் வருடா வருடம் வெட்டச் சொல்லவில்லையே. என் இருமடிப்பாத்தி ஒன்று 2014-இல் போட்டது. அதன் பிறகு ஃபோர்க்கைக் குத்தி ஒரு ஆட்டு ஆட்டுவதோடு சரி. பாத்திக்குள் கால் வைக்கக்கூடாது, அவ்வளவுதான். 4 அடி அகலம் எதற்கு? இரண்டு பக்கமும் நின்று கை எட்டத்தான். பாகற்கொடி, உங்கள் பையன் பாத்திக்குள் இறங்கி விளையாடுவானா?

----

பாகற்கொடி, பொள்ளாச்சி
ஜூன் 9

பையன் இல்லை ஐயா, மாமியார். பாத்திக்குள் நின்றுதான் பூப்பறிப்பார். செங்கல் ரகசியம் புரிந்துவிட்டது.

இப்போதே ஆரம்பிக்கவா? தினமும் சாரல் அடிக்கிறது.

----

நிலமங்கை, மதுரை
ஜூன் 9

வேண்டவே வேண்டாம். களி கலந்த மண்ணை ஈரத்தில் கிளறினால் பிசைந்த மாவாகி, காய்ந்ததும் முன்னைவிட மோசமாகிவிடும். பாத்தியை இப்போதே தார்ப்பாயால் மூடிவிடுங்கள், ஓரம் மட்டும் காற்றுக்குத் தூக்கி வையுங்கள். ஒரு அடி ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்துக் கையில் பிடியுங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் நசுங்கினால் காத்திருங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு அரைக் கிலோ மண் கொடுத்துவிடுங்கள். பாத்தியில் ஏழெட்டு இடத்தில் எடுத்துக் கலந்து கொடுக்க வேண்டும், அந்தக் குழியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.

----

ஸ்கார்பரோ வெண்டை, கனடா
ஜூன் 10

இந்தச் சண்டையைப் படித்துக்கொண்டே தேநீர் ஆறிவிட்டது. எங்களுக்கு அடிமண்ணைப் பனி பார்த்துக்கொள்கிறது. குளிர்காலம் முழுக்க உறைந்து உருகி உறைந்து, வசந்தத்தில் மேல்மண் தானாகப் பிளந்து கிடக்கும். ஆனால் மே கடைசி வரைக்கும் வெண்டை நட முடியாது. எது பரவாயில்லை, நீங்களே சொல்லுங்கள்.

----

பாகற்கொடி, பொள்ளாச்சி
ஜூலை 6

நீண்ட அறிக்கை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண் பரிசோதனை வந்தது. கார அமில நிலை (pH) 7.4, உப்பு பிரச்சினை இல்லை. மணிச்சத்து 'அதிகம்' என்று போட்டிருக்கிறார்கள். மூன்று வருடம் சாணமாகக் கொட்டியதன் பலன் போலிருக்கிறது. ஆகவே ஜிப்சமும் இல்லை, எலும்புத்தூளும் இல்லை. கடையில் வாங்கி வைத்த எலும்புத்தூளை ரோஜாவுக்கு எடுத்து வைத்தேன்.

ஜூன் கடைசியில் நாலு நாள் வெயில் காய்ந்தது. வேலையில் இறங்கினோம். ஒரு பாத்தியில் பாதி மட்டும், அதாவது 6 அடி. மற்ற பாதியில் தோண்டவில்லை, வெட்டாத்தோட்டம் சொன்னபடி மேலே மட்டும் மட்கு. வீட்டில் ஒரு பந்தயமும் ஓடுகிறது.

தாத்தா முறைதான், ஒரு மாற்றத்தோடு. நார்த்தூள் அடுக்கை அப்படியே விடமுடியாது என்பதால் ஒவ்வொரு குழியிலும் அதைத் தனியாக வெட்டி எடுத்தோம். பாண்டில் அள்ளி எண்ணினோம், 6 அடி நீளத்துக்கு 38 பாண்டு! அதில் மூன்றில் ஒரு பங்கை விரலால் உதிர்த்து, மண்ணோடு விரவி மேல்பாதிக்குக் கொடுத்தோம். மீதி உரக்குழிக்குப் போனது, சாணக் கரைசல் ஊற்றி வைத்திருக்கிறேன். சாம்பல் மண்ணைக் கடப்பாரையால் நெம்பினோம், மேலே கொண்டுவரவில்லை. முதல் நாள் நாற்றம் தாங்கவில்லை. இரண்டு நாள் திறந்தே போட்டோம், நாற்றம் போய்விட்டது.

தொழுவுரம் எவ்வளவு என்பதில்தான் என் கணக்கு தப்பு. 10 மூட்டை என்று நினைத்திருந்தேன். 24 சதுர அடிக்கு 2 அங்குலம் என்றால் 4 கன அடி, சுமார் 113 லிட்டர். 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் ஆறு வாளிகூட இல்லை. அதை மேல் 8 அங்குலத்தில் கலந்தோம். அடியில் நன்றாக மட்கிச் சலித்தது ஒரே ஒரு வாளி மட்டும். வேப்பம் பிண்ணாக்கு அரைக் கிலோ.

இரண்டு பேருக்கு மூன்று காலைப்பொழுது. இடுப்பு இன்னும் என் பேச்சைக் கேட்கவில்லை. இளகிய மண் பாத்தியின் விளிம்பு வரைக்கும் எழுந்து நின்றது. பிளாக்கில் ஆணியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க.

மாமியாருக்கு ஒரு பலகை வாங்கிக் கொடுத்தாயிற்று. சுவர்மேல் குறுக்கே போட்டு அதில் நின்று பறிக்கிறார்.

----

மண்வெட்டித் தாத்தா, பெரியகுளம்
ஜூலை 6

பலகைதான் இந்த அறிக்கையில் முதல் பரிசு. விதைப்பதற்கு முன் ஒரு தண்ணீர் விட்டு மண்ணை உட்கார விடுங்கள். பொலபொல என்று இருக்கும்போதே விதைத்தால் விதை ஆழத்துக்குப் போய்விடும்.

----

பாகற்கொடி, பொள்ளாச்சி
ஆகஸ்ட் 11

ஜூலை 22-இல் இரண்டு பாதியிலும் ஒரே நாளில் முள்ளங்கி, சிறுகீரை, வெண்டை போட்டேன். இப்போது எனக்கு வயிற்றெரிச்சல். தோண்டாத பாதியில் கீரை தளதளவென்று நிற்கிறது. இடுப்பொடியத் தோண்டிய பாதியில் கீரை வெளிர் மஞ்சள், பாதி உயரம்தான். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, தினமும் அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டு வருகிறார்.

----

நிலமங்கை, மதுரை
ஆகஸ்ட் 11

பயப்படாதீர்கள். உதிர்த்துக் கலந்த நார்த்தூளுக்கு இப்போதுதான் காற்று கிடைத்திருக்கிறது, மூன்று வருடப் பசி. மட்க ஆரம்பித்த நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தை முதலில் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும், கீரைக்கு மிச்சம்தான். அந்த மூன்றில் ஒரு பங்கைக்கூடக் கலக்காமல் விட்டிருக்கலாம், நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துத் தெளிவை எடுத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வாரம் ஒரு முறை ஊற்றுங்கள். மீனை வெல்லத்தோடு ஊறவைத்த மீன் அமிலம் இருந்தால் இன்னும் சீக்கிரம் பச்சை வரும்.

----

வெட்டாத்தோட்டம், சென்னை
ஆகஸ்ட் 12

நான் எதுவும் சொல்லவில்லை.

----

பாகற்கொடி, பொள்ளாச்சி
செப்டம்பர் 9

முள்ளங்கி பிடுங்கினோம். தோண்டிய பாதியில் 31, அதில் 27 நேராக. நீளமானது என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. தோண்டாத பாதியில் 29, நேராக வந்தது 6. மற்றதெல்லாம் 4 அங்குலத்தில் முட்டி, வழக்கம்போல் கால் விரித்துவிட்டது.

கீரையில் தோண்டாத பாதிதான் ஜெயித்தது, அதை மறைக்க முடியாது. பிண்ணாக்குக் கரைசல் மூன்று முறை ஊற்றிய பிறகுதான் இந்தப் பக்கம் பச்சை பிடித்தது. வெண்டையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. போன வாரம் கொட்டிய மழையில் ஒரு பாதியில் தண்ணீர் அரைநாள் நின்றது, இன்னொரு பாதியில் நிற்கவே இல்லை. எது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆணிக்கோட்டிலிருந்து மண் 2 அங்குலம் இறங்கியிருக்கிறது, அதை மட்கு போட்டு மேலேயே நிரப்பப் போகிறேன்.

மீதி 6 அடியைத் தை மாதம் பொங்கல் முடிந்து, மண் காய்ந்ததும் தோண்டுவதாக முடிவு. இந்த முறை நார்த்தூள் மொத்தமும் வெளியே. இரண்டாவது பாத்தியில் முதலில் ஒரு குழி.

----

வலிகாமம், யாழ்ப்பாணம்
செப்டம்பர் 9

உரக்குழிக்குப் போன மிச்ச நார்த்தூள் என்ன ஆச்சுது?

----

பாகற்கொடி, பொள்ளாச்சி
செப்டம்பர் 10

கருத்து வருகிறது. நேற்றுக் கிளறினேன், உள்ளே சூடாக இருந்தது. வண்டுப் புழு இரண்டு கிடந்தது, கோழிக்குப் போட்டுவிட்டேன்.